கூப்பிட்டால் வருவது

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கனவில் வந்தது, காய்ச்சலில் வந்தது என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எழுதுகிறவர்களிடம் உண்டு. இது ஒரு தாளில், இரண்டு மடிப்பாக, கீழே ஒரு தொலைபேசி எண்ணோடு வந்தது. மேலே ஒரு கேள்வி: 'இந்த அணிலைப் பார்த்தீர்களா?' ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி ஆஃப்ரீன் என் வீட்டுக்கு வந்தாள்.

ஆஃப்ரீன் ராயப்பேட்டைக்காரி. அப்பா மெஹபூப் பாஷாவுக்கு அங்கே கம்பிவலைக் கடை. மகள் ஓர் ஆய்வு மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, வெளியிலிருந்து வந்து சேரும் விலங்குகள் வருங்காலத்தில் எதுவரை பரவும் என்று கணிக்கிறாள். இப்போது அவள் கணித்துக்கொண்டிருப்பது ஓர் அணில். நம் ஊர் அணிலைவிட நன்றாகவே பெரியது. வயிறு செங்கல் நிறம். முதுகில் கோடு கிடையாது. 

[முதுகுக் கோடு என்றதும் உங்களுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. அதை இங்கே கொண்டுவர மாட்டேன்.]

"யாரோ கூண்டுல வளக்க வாங்கிட்டு வந்திருக்காங்க மேடம். அப்புறம் கூண்டு திறந்திருக்கும், இல்ல அலுத்துப்போய்த் திறந்து விட்டிருப்பாங்க. எப்பவும் இந்த ரெண்டுல ஒண்ணுதான்."

"என்ன செய்யும்?"

"மரப்பட்டைய உரிச்சுத் தின்னும். பறவை முட்டைய எடுக்கும். ஒயர், தண்ணி பைப்பு எல்லாத்தையும் கடிக்கும். வேற நாடுகள்ல சில ஜோடிதான் தப்பிச்சிருக்கு. இப்ப ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணும் பண்ண முடியல."

'வந்தேறி அணில்' என்று எழுதினேன். உடனே அடித்தேன். அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மேடம் அடிச்சிட்டீங்க? கரெக்டாத்தானே இருக்கு."

"கேக்க நல்லா இல்ல."

"எங்களுக்குப் பழகிப்போச்சு மேடம்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. 'கோடில்லா அணில்' என்று மாற்றி எழுதினேன். மீதிப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கூச்சத்தையும் கதையில் எங்காவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கேயே வைத்துவிட்டேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) 2050ஆம் ஆண்டின் ஒரு நண்பகலில், சென்னையின் மொட்டைமாடிகளில் — 

இதைத் தொடரவில்லை. 2050ஐப் பற்றி எழுதும்போது என் கை பொய் சொல்வது எனக்கே தெரிகிறது.

(ஆ) சுலோச்சனாவின் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் இன்னும் சாப்பிட வரவில்லை.

இது நல்ல தொடக்கம். நன்றாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. தவிரவும் சுலோச்சனா யார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

(இ) அன்று நண்பகலில் எங்கள் மொட்டைமாடியில் ஏதோ குரைத்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். இது நடந்தது.

நான் மந்தைவெளியில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கடைசி மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்கு மேலே மொட்டைமாடிதான். பிரசுரத்தை எழுதிக் கொடுத்துச் சில நாட்கள் ஆகியிருக்கும். துணி எடுக்கப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை அணைத்த நேரத்தில் தலைக்கு மேலே குரைப்புச் சத்தம் கேட்டது. சின்ன நாய் ஒன்று விடாமல், ஒரே இடைவெளியில் குரைப்பதைப் போலிருந்தது. எங்கள் கட்டடத்தில் நாய் கிடையாது. மாடிக் கதவைத் திறந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. நாய் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் அது உட்கார்ந்திருந்தது. வயிறு செங்கல் நிறம். ஒவ்வொரு குரைப்புக்கும் வால் வெட்டியது.

நம் அணில் ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. குரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது: நம் அணில்களின் கீச்சொலியைக் கேட்டுப் பல நாட்களாகியிருந்தன. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வாசலில் இருக்கும் வேம்பை மேலிருந்து எட்டிப் பார்த்தேன். மேல்கிளைகளில் பட்டை உரிந்து, மரம் உள்ளே வெள்ளையாக இருந்தது. வெள்ளை வேம்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என் பயம் உண்மையில் அணிலைப் பற்றியது அல்ல என்று இங்கே ஒரு வரி எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது அணிலைப் பற்றியதுதான்.

3

ஆஃப்ரீனைக் கூப்பிட்டேன். அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தொட்டியைப் பார்த்தாள். அது இல்லை. ஆனால் தொட்டிக்கு அடியில், சுவரை ஒட்டி, தேங்காய் நாரும் கேபிள் ஒயரின் கறுப்புத் தோலும் பந்துபோல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"கூடு" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் வந்துபோனது. அதன் பின்னால் வேறு ஒன்று வந்தது. அது போகவில்லை.

கீழே என் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். தென்சென்னை முழுவதும் சிறு கட்டங்களாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். வெப்பம், மழை, மரங்களின் நெருக்கம், தெரு, கட்டட உயரம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து, அந்த அணில் வேறு எங்கெல்லாம் வாழ்கிறதோ அந்த இடங்களோடு ஒப்பிட்டு, இங்கே எந்தக் கட்டத்தில் அது பிழைக்கும் என்று மாடல் சொல்கிறது. அடையாறில் ஆலமரத்துக்குப் பேர்போன பழைய சங்கத்தின் பெரிய தோட்டம் இருக்கும் இடம் ரத்தச் சிவப்பு. கிண்டிப் பக்கம் சிவப்பு. மந்தைவெளி வெளிர் மஞ்சள்.

"இங்க வராதுன்னு போட்டிருக்கோம் மேடம். மரம் பத்தாது. பொறியெல்லாம் அடையாறு பக்கம்தான் வச்சிருந்தோம். கொய்யா, வேர்க்கடலை. எலி மாட்டுச்சு. ஒரு கீரி மாட்டுச்சு. எங்க டீம்ல சாய்சரண் விரல்ல கீரி கடிச்சு ஊசி போட்டுக்கிட்டான்."

"ஐம்பது வருஷம் கழிச்சு?"

ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒன்றுக்குப் பதில் மூன்று வரைபடங்கள் வந்தன. உலகம் நல்லபடி நடந்துகொண்டால் ஒன்று. இப்போதுபோலவே நடந்துகொண்டால் ஒன்று. மோசமாக நடந்துகொண்டால் ஒன்று. நான் பயந்ததற்கு மாறாக, மோசமான எதிர்காலத்தில் சிவப்பு குறைந்திருந்தது.

"வெயில் மேடம். இந்த அணிலுக்கு இவ்ளோ சூடு தாங்காது. ஊர் கொதிக்கக் கொதிக்க, தானாச் சாகும்னு மாடல் சொல்லுது. எங்க சார்கூடச் சொன்னாரு, ரொம்ப அலட்டிக்காதேன்னு."

"அப்ப நிம்மதிதானே?"

"சித்திரை வெயில் முடிஞ்சும் உங்க மாடியில அது உயிரோட இருக்கு மேடம்" என்றாள் ஆஃப்ரீன். "மாடல் இருக்கும்னு சொன்ன இடத்துல இல்ல. சாகும்னு சொன்ன இடத்துல கூடு கட்டுது. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

எனக்கு அந்தப் பயம் புரிந்தது. நானும் 'மறுநாள்' என்று எழுதிப் பிழைப்பவள். நான் எழுதியதற்கு எதிராக ஓர் ஆள் கதைக்குள் எழுந்து நடந்தால் நானும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

4

சுலோச்சனா.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி பெருக்குவது, மோட்டார் போடுவது, கேட்டைப் பூட்டுவது எல்லாம் அவள்தான். மொட்டைமாடியில் லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள். முன்பு அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தாள். கணவர் மதிவாணன் பெயிண்ட் அடிக்கிறவர். போன ஆவணி மழையில், அந்தக் குடிசையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனார். தை மாதம் குடிசைகளை இடித்தார்கள். மகன் சேட்டுவுக்கு ஊருக்கு வெளியே வீடு ஒதுக்கினார்கள். அவன் போனான். இவள் போகவில்லை.

[இவளை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம். துக்கத்தில் இருக்கும் ஏழைப் பெண்ணை எழுதினால் வாசகர் உடனே மரியாதையாகத் தலை குனிந்துவிடுவார். சுலோச்சனாவின் முன்னால் யாரும் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. அவள் விட மாட்டாள். அதனால் அவள் பேசுவதை அப்படியே தருகிறேன்.]

தினமும் உச்சிப்பொழுதில், தான் சாப்பிடும் முன் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்து, காக்கையைக் கூப்பிடுவாள். இறந்தவர் காக்கையாக வந்து சாப்பிடுவார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் சமையலறைக்குக் கடிகாரம் அவள் குரல்தான்.*

"வரவே மாட்டேங்குது ரைட்டரம்மா" என்று ஒருநாள் சொன்னாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "மொதல்ல ஒண்ணு வந்து அந்த டிஷ்ஷு மேல குந்திக்கினு பாத்துக்கினே இருக்கும். எறங்காது. இப்ப அதுவும் இல்ல."

"வரும்."

"எப்டி வரும்? அவரு செத்தது ஆத்தாண்ட. அங்க இப்ப செவுரு எழுப்பிட்டாங்க. நான் இங்க மாடில குந்திக்கினு கீறேன்னு அவருக்கு யாரு சொன்னது? அதுக்குத்தான் புள்ளையாண்ட போவல. அவ்ளோ தூரம் போய்ட்டா அந்தாளுக்கு இன்னும் பேஜாரு. இதான் ஆத்துக்குக் கிட்ட."

அவள் பயம் அதுதான்: ஒரு வருடமாகப் பசியோடு ஒருவர் பழைய இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார், அவளைத் தேடி. ஆடி அமாவாசை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் சோறு எடுக்கவில்லையென்றால் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம் என்றாள்.

"அந்தச் சோத்த அணில் ஒண்ணு சாப்பிடுதாமே?"

"அத்த ஏன் கேக்கற. நான் கூப்ட வாய மூடல, தொட்டி மேலேர்ந்து ஓடியாருது கஸ்மாலம். செவப்பு வயிறு. மொத்தத்தையும் தின்னுட்டு என்னைய வேற ஒரு மொற மொறைக்கும்."

"அவரா இருக்குமோ?" அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"சீ, சும்மா இரு. அந்தாளு உசுரோட இருந்தப்பவே கூப்ட்ட ஒடனே வந்ததில்ல. நானு ஒயின்ஷாப்பு வாசல்ல போயி இட்டுக்கினு வரணும். இது கூப்ட்ட ஒடனே வருதே. அப்ப அது அவரு இல்ல."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "செத்தப்பறம் திருந்தியிருப்பாரோ?" என்றாள்.

* காக்கையின் பெயரில் முதல் எழுத்தை இழுத்துச் சொல்லும் அந்தக் கூப்பாட்டை நான் இந்தக் கதையில் எங்கும் எழுதவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள். எழுதவும் மாட்டேன். கையில் சோற்றோடு மாடியில் நின்ற எவருக்கும் அது தெரியும்.

5

ஆஃப்ரீன் அடுத்தடுத்த நாட்களில் எங்கள் மாடிக்கு வந்தாள். தொட்டி நிழலில் உட்கார்ந்து தூரநோக்கியால் பார்த்தாள். மெஹபூப் பாஷா செய்து கொடுத்த பொறி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். எலிப்பொறி மாதிரிதான், பெரியது. உள்ளே தட்டை மிதித்தால் கதவு விழும். கொய்யா வைத்தாள். மாம்பழம் வைத்தாள். அணில் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

அன்று சுலோச்சனா கடைக்குப் போயிருந்தாள். உச்சிவெயில். நானும் ஆஃப்ரீனும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிர் மாடியில் ஒரு பெண் வந்தாள். கைப்பிடிச் சுவரில் சோறு வைத்தாள். கூப்பிட்டாள். அதற்கு அடுத்த மாடியில் வயதான ஒருவர். பின்தெருவில் முகம் தெரியாத ஒரு குரல். கோயில் பக்கத்திலிருந்து இன்னொன்று. மாடி மாடியாக அந்த ஓரெழுத்து எழுந்து, கட்டடங்களுக்கு மேலே வெயிலில் நின்றது. இத்தனை வருடம் கேட்ட சத்தம்தான். அன்றைக்குத்தான் அதைத் திசை திசையாகக் கேட்டேன். ஆஃப்ரீன் கேட்டுக்கொண்டிருந்ததால் கேட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். 

அணில் எங்கள் தொட்டியிலிருந்து கேபிள் வழியாக எதிர் மாடிக்கு ஓடியது. தின்றது. அங்கிருந்து அடுத்தது. அந்த மாடிகளிலெல்லாம் சோற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் இருந்தது. கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று வருடா வருடம் சொல்கிறார்களே, அந்தக் கிண்ணம். தொட்டிகளுக்கு அடியில் ஈரமான நிழல். 

"மேடம், இது எல்லா வீட்டுலயும் வைப்பாங்களா?"

"நிறைய வீட்டுல."

"தினமுமா?"

"சிலர் தினமும். அமாவாசைன்னா ஏறக்குறைய எல்லாரும். வடையோட."

"எங்க வீட்டுல கிடையாதே. எனக்கு இது தோணவே இல்ல." நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "சாய்சரண் வீட்டுல உண்டு. அவன் சொல்லியிருக்கணும். அவன் வேளச்சேரி பிளாட்டுல ஜன்னல் கம்பில வச்சுட்டு ஆபீஸ் வர்றவன். அவனுக்கு அது தீனின்னு தோணல. சாமி விஷயம்னு தோணியிருக்கு."

அவளுடைய அடுக்குகளில் வெப்பம் இருந்தது, மழை இருந்தது, மரம் இருந்தது. இறந்தவர்களுக்கு வைக்கும் சோறு இல்லை. அந்த அடுக்கு வெளிர் மஞ்சளை எல்லாம் சிவப்பாக்கிவிடும். அதோடு, ஊர் எவ்வளவு கொதித்தாலும் அந்தச் சிவப்பு குறையாது; வெயில் ஏற ஏற நாம் இன்னும் அதிகக் கிண்ணங்களில் தண்ணீர் வைப்போம்.

"மயிலாப்பூர், மந்தைவெளி, தி. நகர்…" என்று விரலால் காற்றில் கோடு இழுத்தாள். "மேடம், இந்தக் கூப்பாடு எங்கெல்லாம் கேக்குதோ, அதுதான் என் மேப்பு."

தூரநோக்கியை மறுபடி கண்ணில் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. "பால்காம்பு தெரியுது" என்றாள். "சினை. ஆண் ஒண்ணு வேற எங்கயோ இருக்கு, இல்ல இருந்திருக்கு. இது குட்டி போடறதுக்குள்ள பிடிச்சா ஒருவேளை இத்தோட முடியும். போட்டுட்டா, குட்டிங்க வெளியில வந்துட்டா, அவ்ளோதான்."

[இந்த இடத்தில் அடையாறில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பரவல், படம், முன்னறிவிப்பு என்று எல்லாம் தானாகப் பொருந்தி வந்தது. வெட்டிவிட்டேன். அங்கே வரிசையில் நிற்பவர்களை என் அணிலுக்கு உவமையாக இழுத்துவர எனக்கு உரிமை இல்லை.]

6

கொய்யா உதவாது என்றால் எது உதவும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி. நான் சொல்ல வேண்டியதாயிற்று. சுலோச்சனாவிடம் சொன்னேன்: மதிவாணனுக்கு வைக்கும் சோற்றைப் பொறிக்குள் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, எப்போதும்போல் கூப்பிட வேண்டும்.

அவள் பொறியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"புடிச்சி இன்னா பண்ணுவ பாப்பா?" என்று ஆஃப்ரீனைக் கேட்டாள்.

முதல் பிரதியில் ஆஃப்ரீனின் பதிலை இப்படி எழுதினேன்: "வண்டலூருக்கு அனுப்பிடுவோம்க்கா. அங்க பெரிய கூண்டு இருக்கு." அந்தப் பதிலோடு கதை சுலபமாக நகர்ந்தது. சுலோச்சனா சம்மதித்தாள்; வண்டலூருக்குப் போய்ப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டாள். இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கமும் நன்றாக வந்திருந்தன.

ஆஃப்ரீன் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது:

"டாக்டர் ஊசி போடுவாருக்கா."

"தூங்கறதுக்கா?"

"ஆமாக்கா. எழுந்திருக்காது."

"வயித்துல கீறதும்?"

"அதுவும்."

சுலோச்சனா பொறியின் கதவைத் தூக்கி, கீழே விட்டுப் பார்த்தாள். பிறகு, "காக்கா வராததுக்கு இதான் காரணமா? நெசமா சொல்லு" என்றாள்.

"தெரியலக்கா. முட்டைய எடுக்கும், கூட்டக் கலைக்கும். இதனாலயும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"இன்னா படிச்ச நீ? எது கேட்டாலும் தெர்ல தெர்லன்ற."

"தெரியலன்னு சொல்றதுக்குத்தான்க்கா சம்பளம்" என்றாள் ஆஃப்ரீன். சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே, "அமாவாசைக்கு வெக்கிறேன்" என்றாள். "வடை வாசனைக்கு வரும். அன்னிக்கி வெக்கிறேன். ஆனா ஒண்ணு. வெக்கிறதுதான் நான்."

கடைசி வாக்கியத்தின் அர்த்தம் அப்போது எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

7

ஆஃப்ரீன் மூன்று எதிர்காலங்கள் வைத்திருக்கிறாள். நானும் மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன்.

நல்லது. கதவு விழுகிறது. உள்ளே அணில். ஆஃப்ரீன் துணி போர்த்தி எடுத்துப் போகிறாள். மறுநாள் உச்சிப்பொழுதில் டிஷ் ஆன்டெனாவிலிருந்து ஒரு காக்கை இறங்குகிறது, தலையைச் சாய்க்கிறது, ஒரு பருக்கையை எடுக்கிறது. சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். [இதை நான் நம்பவில்லை. காக்கை கதைக்காக இறங்காது.]

மோசம். கதவு விழவில்லை. தொட்டிக்கு அடியில் குட்டிகள். அவற்றுக்கும் குட்டிகள். வேம்புகள் வெள்ளையாகி நின்றபடியே காய்கின்றன. வருடங்கள் போகின்றன. யாரும் வெளியே நிற்க முடியாத ஒரு நண்பகலில், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு பெண் மாடிக் கதவைப் பாதி திறந்து, கையை மட்டும் நீட்டிச் சோறு வைக்கிறாள், கூப்பிடுகிறாள். கேபிள்களின்மேல், குழாய்களின்மேல், சுவர்களின்மேல் செங்கல் நிற வயிறுகள் ஓடி வருகின்றன. அவள் குழந்தை கை தட்டிச் சிரிக்கிறது. அந்தக் கூப்பாடு அணிலைக் கூப்பிடும் சொல் என்றுதான் அந்தக் குழந்தை நினைக்கிறது. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். [(அ) என்று எழுதி விட்டுவிட்ட தொடக்கத்தின் மீதி இதுதான். தொடரவில்லை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்துவிட்டேன். பொய் சொல்லும் கை இந்த முறை பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பயப்படுகிறேன்.]

மூன்றாவது ஆஃப்ரீனின் அட்டவணையில் கிடையாது. அது சுலோச்சனா நேற்று மாடிப்படி பெருக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் என்னிடம் கேட்டது.

"அன்னிக்கின்னு பாத்து அவரு வந்துட்டாருன்னா?"

அதாவது: கதவு விழுகிறது. உள்ளே காக்கை.

8

இன்று ஆடி அமாவாசை. இதை என் மேசையில் எழுதுகிறேன். மேலே தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது. வடை வாசனை படியிறங்கி வருகிறது. சற்று முன் சுலோச்சனா வந்து என் கதவைத் தட்டினாள். பின்னால் ஆஃப்ரீன்.

"சோறு நான் வெக்கிறேன். கூப்புட மாட்டேன்" என்றாள் சுலோச்சனா. "ஒரு வருசமா இந்த வாயால அவரைக் கூப்ட்டுக்கினு கீறேன். அதே வாயால இத ஊசிக்கிக் கூப்ட மாட்டேன். எது வந்தாலும் என் வாயால வந்ததா இருக்கக்கூடாது."

அன்றைக்கு அவள் சொன்னதன் அர்த்தம் இது.

நான் ஆஃப்ரீனைப் பார்த்தேன். 

"நான் கூப்பிடக் கூடாது மேடம்" என்றாள். குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. "அணில் வரும், என் குரலுக்கும் வரும். ஆனா நாலு மாடியிலேர்ந்து பாப்பாங்க. போன்ல எடுப்பாங்க. அமாவாசை அன்னிக்கு, காக்காவுக்கு வைக்கிற சோத்துல பாய் வீட்டுப் பொண்ணு பொறி வச்சு, கூப்பிட்டுப் பிடிச்சான்னு போட்டா, நான் மாடல்னு ஆரம்பிச்சு எங்கேர்ந்து மேடம் விளக்குவேன்? அப்பாவோட கடை தெருவுலதான் இருக்கு."

அந்தப் பொறியே அவள் அப்பா செய்ததுதான் என்பதை மூவரும் நினைத்தோம்.

"அதனால நீ கூப்புடு ரைட்டரம்மா" என்றாள் சுலோச்சனா. "நீ சும்மாதான குந்தினு எழுதிக்கினு கீற."

என் அம்மாவுக்கு நான் சோறு வைத்ததில்லை. தி. நகரில் அக்கா வைக்கிறாள்; அது போதும் என்று இருந்துவிட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவள் கூப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த எழுத்தை என் வாய் சொல்லும்போது அது ஒரு பொறியின் வாசலில் நின்று சொன்னதாக இருக்கும். யார் காதில் விழும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

"வர்றேன், இதோ" என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்தேன். மேலே நடக்கப்போவதை இப்போதே எழுதிவிட்டுப் போகிறேன். கணித்தபடி நடக்காது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே தைரியம்.

9

மாடி. வெயில். பொறி கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கிறது. சுலோச்சனா வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை வைத்து, கையைப் பொறிக்குள் முழங்கைவரை விட்டு, தட்டின்மேல் இறக்குகிறாள். கதவைத் தூக்கி மாட்டுகிறாள். பின்வாங்கி வந்து, தன் அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தொட்டிக்குப் பின்னால் ஆஃப்ரீன், கையில் துணியோடு. 

பக்கத்து மாடிகளில் இன்னும் யாரும் வரவில்லை. வந்து கூப்பிட்டுவிட்டால் அது அங்கே போய்விடும். இன்று எல்லா மாடியிலும் சோறு. அது மாடி மாடியாகத் தின்றுகொண்டே போகும்; மறுபடி இங்கே பசியோடு வரும்போது குட்டி போட்டிருக்கும், தொட்டிக்கு அடியில் குட்டிகளின் சத்தம் கேட்கும்.

தொட்டியின் மூடிமேல் அது இருக்கிறது. வயிறு தாழ்ந்து கனத்திருக்கிறது. குரைக்கவில்லை. காது கொடுத்துக் காத்திருக்கிறது. டிஷ் ஆன்டெனாமேல் கறுப்பாக ஏதோ இருக்கிறது. வெயிலில் கண் கூசுவதால் அது காக்கையா, நெளிந்த தகரமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

நான் வாயைத் திறக்கிறேன்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அந்த ஓர் எழுத்தை இங்கே எழுதினால் நீங்கள் அதைப் படித்துவிடுவீர்கள். படித்தால் உங்களுக்குள் அது ஒலித்துவிடும். உங்கள் வீட்டுக் குரலில், உங்கள் மாடியில் கேட்ட இழுப்போடு, நீங்கள் யாருக்காகக் கூப்பிட்டீர்களோ அவர் முகத்தோடு. நான் எழுதிவிட்டதாலேயே கூப்பிட்டவர் நீங்கள் ஆகிவிடக் கூடாது. அதனால்தான் முதலிலிருந்தே எழுதாமல் வைத்திருந்தேன்.

கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களாகக் கூப்பிடுங்கள். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு இந்தத் தாளை மடித்துவிடுங்கள். இரண்டுக்கும் எதிர்காலம் உண்டு. இரண்டையும் உங்களுக்குக் காட்டிவிட்டேன். சுலோச்சனா கேட்ட மூன்றாவதையும் காட்டிவிட்டேன்.

சோறு ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாடியில் தாழ்ப்பாள் இழுபடுகிறது. தொட்டிமேல் அது அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது.